படிக்கட்டுத் திருப்பத்தில் கடல்

செம்பூரில் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையில் கேக்கை இறக்கி வைத்தேன். பிறந்தநாள் குழந்தையின் அம்மா கைப்பேசியை எடுத்து, அதிலிருந்த படத்தைக் கேக்குக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார். பொம்மைப் பாவாடை கேக். நடுவில் ஒரு பொம்மையை இடுப்புவரை செருகி, சுற்றிலும் ரோஜா நிற ஐசிங்கில் பாவாடை விரித்திருந்தேன். அவர் படத்தைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "சேம் டு சேம்!" என்று கைதட்டினார். வீட்டிலிருந்த மற்றவர்களும் வந்து பார்த்து அதையே சொன்னார்கள்.

என் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் அன்று அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. தாராவிக்குத் திரும்பும் டாக்சியில் காலி அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நான் இதுவரை எத்தனை பொம்மைகளுக்குப் பாவாடை கட்டிவிட்டிருப்பேன் என்று யோசித்தேன். ஒன்றின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

கேக் செய்வது என் வீட்டுத் தொழில். கல்யாணமான புதிதில் ஒரு ஓவனை வைத்து ஆரம்பித்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்று பக்கத்திலிருந்தும் ஆர்டர் வரும். கணவர் தோல் பை செய்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். குடிசையைக் காலிசெய்து கொடுத்ததற்குப் பதிலாகக் கிடைத்த கட்டடத்தில், நான்காவது மாடியில் ஒரு சின்ன வீடு. குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை. ஆனால் செம்பூர் கேக்குக்குப் பிறகு என் கை மரத்துப்போனது. ஐசிங் பையை அழுத்தினால் பூ வரும், இலை வரும், எழுத்தும் வரும். எனக்குத்தான் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல இருக்கும்.

ஜெபமும் அப்படியே ஆனது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். சாயங்காலம் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு. என் முறை வரும்போது கண்ணை மூடுவேன். "அன்பும் இரக்கமுமுள்ள பரலோகப் பிதாவே" என்று வாய் தானாகத் தொடங்கி, ஒரு வார்த்தை மாறாமல் ஓடி, ஆமேனில் போய் நிற்கும். நேற்றைய ஜெபமும் இன்றைய ஜெபமும் சேம் டு சேம்.

முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு அக்காதான். அவர் கோவில்பட்டிக்காரர். விடியுமுன்பே எழுந்து இட்லி அவிப்பார். அவர் வீட்டு இட்லியை அலுமினியப் பாத்திரங்களில் எடுத்துக்கொண்டு ஆட்கள் ஊரெல்லாம் விற்கப் போவார்கள். ஒன்பது மணிக்கு அவருக்கு அன்றைய நாள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மற்றவர்களின் நாளில் நுழைவார்.

"ஏட்டி, மூஞ்சி ஏன் புளிச்ச மாவு கணக்கா இருக்கு? அவரு எதுவும் சொன்னாரா?"

"ஒண்ணுமில்லக்கா. மனசே இல்ல."

"மனசு இல்லாட்டி என்ன, காலு இருக்குல்லா? டாக்டரு எனக்குச் சுகருக்கு நடக்கச் சொல்லியிருக்காரு. தனியாப் போனா போர் அடிக்கு. செருப்பைப் போடு."

அப்படித்தான் மாஹிம் கடற்கரைக்குப் போனோம். ரயில் பாலத்தில் ஏறி இறங்கி, இரண்டு சந்து தாண்டினால் கடல். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் அந்தக் கரையில் நான் நடந்ததில்லை. நடக்கத் தோன்றுகிற கரையும் அல்ல அது. ஆற்றுச் சாக்கடை கலக்கிற இடம். பால் பாக்கெட், ஒற்றைச் செருப்பு, தெர்மக்கோல், தேங்காய், கிழிந்த வலை என்று ஊர் வேண்டாமென்று எறிந்ததையெல்லாம் அலை கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தார். நான் காலை எங்கே வைப்பது என்று குனிந்து பார்த்தபடியே பின்னால் போனேன்.

அதனால்தான் அது கண்ணில் பட்டது. ஒரு பீங்கான் துண்டு, கட்டைவிரல் அளவு. வெள்ளையில் நீலப் பூ, அதிலும் பாதிப் பூ. யார் வீட்டுச் சாஸரோ. உடைந்த பீங்கான் கையைக் கிழிக்குமே என்று பயந்து பயந்துதான் எடுத்தேன். கிழிக்கவில்லை. கடல் அதன் ஓரங்களையெல்லாம் தேய்த்து, வாயில் போட்ட மிட்டாய் மாதிரி ஆக்கியிருந்தது. பத்தடி தள்ளி ஒரு பச்சைக் கண்ணாடி. அதுவும் அப்படியே மழுங்கி, பனி படர்ந்தாற்போல் இருந்தது. இரண்டையும் பர்சில் போட்டேன்.

அக்கா திரும்பிப் பார்த்துவிட்டார். குப்பையை அவர் இந்தியில் கச்ரா என்றுதான் சொல்வார். "நடக்க வந்தமா, கச்ரா பொறக்க வந்தமா?"

"அழகா இருக்குக்கா."

"கச்ரா எங்க அழகா இருக்கும்? கீழ போடு. கை நாறும்."

நான் போடவில்லை. வீட்டுக்கு வந்து கழுவி ஜன்னலோரம் வைத்தேன். மத்தியான வெயிலில் அந்தப் பச்சை சமையல் மேடைமேல் விழுந்தது. நான் பால் அடுப்பில் இருப்பதை மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி வழிந்தது.

அடுத்த நாளும் போனோம். அதற்கடுத்த நாளும். நான் பை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். பழுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கண்ணாடி, குளியலறை ஓடு, சிப்பி, எப்போதாவது ஒரு சோழி. அக்கா ஒரு வாரம் கேலி செய்தார். பிறகு ஒருநாள் மணலில் சிவப்பாக ஏதோ மின்ன, செருப்புக் காலால் கிளறிப் பார்த்தார். கண்ணாடி வளையல் துண்டு. குனிந்தார், எடுத்தார், என்னைப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அக்கா, கச்ரா?"

"இது வளையலுட்டி. இது வேற." அதோடு அவரும் இந்தப் பைத்தியத்தில் விழுந்தார். அதற்குப் பிறகு யார் முதலில் பார்ப்பது என்று எங்களுக்குள் போட்டி. எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது, அதை வைத்தவரும் அக்காதான். கரைத்த பிள்ளையார் சிலைகளின் துண்டு கிடந்தால் எடுக்கக் கூடாது. அலைக்கு அருகில் கொண்டுபோய்த் திரும்ப விட வேண்டும். கிறிஸ்தவளான நானும் அதை ஒழுங்காகச் செய்தேன். ஒரு சின்னத் தும்பிக்கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் முழங்கால் தண்ணீரில் விட்டது நினைவிருக்கிறது.

ஒரு காலையில் அக்கா வெகுதூரம் முன்னால் போய்விட்டார். நான் ஒரு கண்ணாடித் துண்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நடந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். "ஆண்டவரே, இது பாட்டிலா ஜன்னலா? இதை உடைத்தது யார்? எத்தனை நாள் உம்முடைய கடலில் கிடந்தது?" என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பரலோகப் பிதாவே என்ற தொடக்கம் இல்லை, ஆமேனும் இல்லை. எப்போது ஆரம்பித்தேன் என்றே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். நான் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி நடித்தேன்.

வீட்டில் சண்டை வந்தது சிப்பியால். ஒரு நத்தைக் கூட்டுக்குள் ஆள் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் வீடு முழுக்க அழுகல் நாற்றம். கணவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார், குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார், எலி செத்திருக்குமென்று கட்டிலை நகர்த்தினார். கடைசியில் ஜன்னலோரத்து டப்பாவுக்கு வந்து சேர்ந்தார்.

"பட்டறையில தோல் நாத்தம், வீட்டுல கடல் நாத்தம். நான் எங்கதான் போய் மூச்சு விட?"

மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மம்மி, பஸ் கரோ யார், போதும் இது, ஃப்ரெண்ட்ஸ் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட முடியல" என்றாள். அன்றிலிருந்து எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் ஊறப்போட்டு, கொதிநீரில் அலசிய பிறகுதான் வீட்டுக்குள் எடுத்தேன்.

இவ்வளவு சேர்த்து என்ன செய்யப்போகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கே தெரியவில்லை. ஒருநாள் கேக் வைக்கிற பலகை ஒன்றில் சும்மா பரப்பிப் பார்த்தேன். பச்சைத் துண்டுகளை ஒரு பக்கம் தள்ளினேன், நீலத்தை அதன்மேல் வைத்தேன். மீன் மாதிரி ஒன்று வந்தது. வெள்ளைப் பசை தடவி ஒட்டி, காயவைத்து, கூடத்தில் மாட்டினேன். கணவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவரிடமிருந்து அது பெரிய சொல்.

மழைக்காலம் வந்தது. பம்பாய் மழையில் அரிசிகூட வியர்க்கும். ஒரு சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் கணவர் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். டப் என்று ஒரு சத்தம். அவர் நிறுத்தவில்லை. மறுபடியும் டப். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். பசை இளகி, மீனின் செதில்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தன. அவர், "கர்த்தாவே, எங்கள் வீட்டைக் கட்டிக்காத்தருளும்" என்றார். டப், டப், டப். வால் முழுவதும் போயிற்று. மகளின் தோள் குலுங்கியது. "எங்களுக்குள்ள யாவையும் நிலைநிறுத்தும்" என்று அவர் சொன்ன நேரத்தில் மீனின் கண் விழுந்து, தெறித்து, அவர் முழங்காலில் பட்டது. அவரே சிரித்துவிட்டார். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அன்று யாரும் ஆமேன் சொன்னதாக நினைவில்லை.

மறுநாள் ஹார்டுவேர் கடையில் போய்க் கேட்டேன். வெள்ளை சிமெண்டில் பதித்தால் போகாது, ஆனால் அதற்குப் பலகை போதாது, சுவர் வேண்டும் என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து கூடத்துச் சுவரைப் பார்த்தேன். கணவர் என்னைப் பார்த்தார். "அந்தச் சுவர்ல மட்டும் கை வச்சிராத" என்றார்.

சுவர் வேறு வழியில் கிடைத்தது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பாதி நாள் ஓடாது. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில், பான் மெல்லுகிறவர்கள் துப்பித் துப்பி அந்த மூலை ரத்தக்களரியாக இருக்கும். எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் ஒரு வாரம்தான். இந்த ஊரில் இதற்கு ஒரு மருந்து உண்டு. சாமி படம் போட்ட ஓடுகளைப் பதித்துவிட்டால் யாரும் துப்ப மாட்டார்கள். கட்டடக் கமிட்டி அதைச் செய்யலாம் என்று கூட்டம் போட்டது.

கூட்டத்தில் எந்தெந்தச் சாமி என்று பேச்சு வந்தது. ஒருவர் பெயர் சொன்னால் இன்னொருவர் இன்னொரு பெயர் சொன்னார். இயேசுவும் உண்டு என்றார்கள், மெக்கா படமும் உண்டு என்றார்கள். யார் மேலே, யார் கீழே என்பதில் இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் குரல் ஏறியது. அப்போது அக்கா எழுந்தார். தமிழில் ஆரம்பித்து, தேவைப்பட்ட இடத்தில் இந்தியைச் சேர்த்துக்கொண்டார்.

"எச்சி துப்புத இடத்துல சாமியக் கொண்டு காவலுக்கு நிறுத்துததா? நல்லா இருக்கே நியாயம்! உங்க வீட்டுப் பெரியவங்க படத்த அங்ஙன மாட்டுவியளா?"

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. "அப்படீன்னா நீங்களே வழி சொல்லுங்க" என்றார் கமிட்டித் தலைவர்.

"இவ செய்வா" என்று அக்கா என்னைக் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். நான் எதையும் யோசித்திருக்கவில்லை. ஆனாலும் என் வாய், "கடல்ல பொறுக்கின கண்ணாடியும் பீங்கானும் வச்சு ஒரு சுவர் பண்றேன்" என்று சொல்லிவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர், சாமி இல்லாவிட்டால் கட்டாயம் துப்புவார்கள் என்றார். தலைவர் யோசித்தார். செய்து பாருங்கள், துப்பினால் ஓடு பதித்துக்கொள்ளலாம் என்று முடித்தார்.

கொத்தனார் ஒருவர் மூலையைக் கொத்திப் பூசிக்கொடுத்தார். நான் வெள்ளை சிமெண்டைக் குழைத்து, கரண்டியால் தடவித் துண்டுகளைப் பதித்தேன். பெரிய துண்டுகளுக்கு அது சரி. சின்னதுக்குச் சரிவரவில்லை, சிமெண்ட் மேலே வழிந்து கண்ணாடியை மூடியது. வெறுத்துப்போய்ப் படியில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று எழுந்து வீட்டுக்குள் ஓடினேன். ஐசிங் பையை எடுத்துவந்தேன். சிமெண்டைக் கொஞ்சம் தளர்வாகக் குழைத்து, பையில் நிரப்பி, நுனியை வெட்டி, துண்டுகளின் இடுக்கில் அழுத்தினேன். வரி வரியாகச் சுத்தமாக இறங்கியது. மரத்துக் கிடந்த கை அது. விரல்களுக்குள் உயிர் ஊறுவதை உணர்ந்தேன். வேண்டுமென்றே மெதுவாகச் செய்தேன், அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்பதற்காக.

அக்கா வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, கேட்ட நிறத்தை எடுத்துக் கொடுத்தார். கேட்காததையும் கொடுத்தார். ஏறி இறங்குகிறவர்கள் நின்று கருத்துச் சொன்னார்கள். இரண்டாவது மாடிப் பெண் உடைந்த டின்னர் தட்டைக் கொண்டுவந்தாள். ஓரம் கூர்மையாக இருந்தது. பிள்ளைகள் கை வைத்துத் தடவுகிற சுவர், கிழித்துவிடும். "இதைக் கடல்ல போட்டுட்டு வா, ஊறட்டும், பிறகு பார்ப்போம்" என்று அக்கா திருப்பி அனுப்பிவிட்டார்.

மகள் கல்லூரியிலிருந்து வந்து பையைத் தோளில் போட்டபடியே நின்றாள். "மம்மி, இது என்ன டிசைன்? ரெஃபரன்ஸ் எங்க?"

"ரெஃபரன்ஸ் கிடையாது."

"அப்போ எப்படி வரும்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது." அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அவளும் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அன்று நான்கு நீலத்துண்டுகள் அவள் பதித்தவை.

கீழே பழுப்பு, அதற்கு மேல் பச்சை, அலையின் விளிம்பில் சிப்பிகள், நடுநடுவே வளையல் துண்டுகள் மீன்களாக. கடல் என்று பார்த்தவுடன் தெரிந்தது. மேலே வானத்தில் இடம் மிச்சமிருந்தது. நான் வெள்ளைப் பீங்கானில் வட்டமாக ஒரு நிலா வைத்தேன். அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்து, "இட்லி நல்லா வந்திருக்கு" என்றார். நிலா என்றேன். "யாரு சொன்னா? நாந்தான துண்டு எடுத்துக் குடுத்தேன். அது இட்லி" என்றார். இன்றுவரை கட்டடம் இதில் இரண்டு கட்சியாக இருக்கிறது.

முடித்து ஒரு வாரம் இருக்கும். காலையில் பால் வாங்கப் போனவள் திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அலைக்குக் குறுக்கே சிவப்பாக ஒரு வீச்சு, வடிந்து கீழே வரை. எனக்கு அழுகை வந்தது. அக்கா வந்து பார்த்துவிட்டு மேலும் கீழும் கேட்கும்படி இந்தியில் சத்தம் போட்டார். கதவுகள் திறந்தன. "பாத்தீங்களா, சாமி இல்லாட்டி இப்படித்தான்" என்றார் ஒருவர்.

நான் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித் துணியால் துடைத்தேன். ஒரே துடைப்பில் எல்லாம் போய்விட்டது. சுண்ணாம்புச் சுவர் மாதிரிக் கறையைக் குடிக்கவில்லை. கண்ணாடியும் பீங்கானும் நனைந்ததில் முன்பைவிடப் பளிச்சென்று இருந்தன. கடலில் என்னென்ன சாக்கடையெல்லாம் அதன்மேல் ஓடிய பிறகுதான் இப்படி ஆகியிருக்கிறது, ஒரு வாய் வெற்றிலைச்சாறு என்ன செய்துவிடும் என்று தோன்றியது. அழுகை நின்றுவிட்டது. நின்றிருந்தவர்களும் அதைப் பார்த்தார்கள். ஓடு பதிக்கும் பேச்சை யாரும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

துப்பியவர் யார் என்று யாரும் சொல்லாமலே தெரியவந்தது. ஐந்தாவது மாடியில் டெம்போ ஓட்டுகிற ஒருவர், திடீரென்று படியில் வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். தெருவரை போய்த்தான் துப்புவார். அதைக் கண்டுபிடித்ததிலிருந்து அக்கா அவரைப் படியில் பார்க்கும்போதெல்லாம் நிறுத்தி நலம் விசாரித்தார். வீட்டில் எல்லோரும் சுகமா, ஊரில் மழையா, பெண்ணுக்கு வரன் பார்க்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவர் கன்னம் உப்பி, தலையை மட்டும் ஆட்டி ஆட்டிக் கண்ணில் நீர் வர நிற்பார். கடைசியில் ஒருநாள் வாய் காலியாக இருந்த நேரம் பார்த்து அவரே என்னிடம் வந்தார். "பாபி, உங்க சமுந்தர், இந்தக் கடலு, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அந்த இட்லிக்காரம்மாவக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகு மாட்டுங்காவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. ஒரு பெரியவரின் எண்பதாம் பிறந்தநாளுக்கு முட்டை சேர்க்காத கேக். மருமகள் ஒரு படம் அனுப்பினார். நான் போன் செய்து, இந்தப் படம் வேண்டாம், என் இஷ்டத்துக்கு ஒன்று செய்கிறேன், பிடிக்காவிட்டால் நீங்கள் கேட்டதையே மறுபடி செய்துதருகிறேன் என்றேன். அவர் வீட்டிலிருந்தவர்களைக் கேட்டார். பிறகு சரி என்றார். சர்க்கரைப் பாகில் நிறம் கலந்து தகடாக ஊற்றி, உடைத்து, ஓரங்களை வெந்நீரில் நனைத்து மழுக்கி, கேக் முழுவதும் பதித்தேன். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருந்த அவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்தபோது ஒருவரும் கைப்பேசியை நீட்டி ஒப்பிடவில்லை. ஒப்பிட எதுவும் இல்லை. பெரியவர் கிட்டே குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இத எப்டிம்மா கட் பண்றது? மனசே வரலையே" என்றார். அப்புறம் ஒரு நீலத்துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு குழந்தை மாதிரிச் சிரித்தார்.

பொம்மைப் பாவாடையை நான் விட்டுவிடவில்லை. கேட்கிற குழந்தைக்கு அதுதான் வேண்டும். ஆனால் இப்போது அந்தப் பாவாடையில் எங்காவது ஒரு மூலையில் படத்தில் இல்லாத ஒரு நிறத்தை வைத்துவிடுவேன்.

இப்போது மற்ற மாடித் திருப்பங்களுக்கும் வேண்டுமென்று கமிட்டி கேட்டிருக்கிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து, சர்ச் புடவையைக் கூட மாற்றாமல் மாஹிமுக்குப் போனேன். மகளும் கூட வந்தாள். மழை விட்டு வெயில் அடித்தது. நான் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து நடந்தேன். முன்னால் போன அக்கா திடீரென்று மணலில் உட்கார்ந்து கத்தினார்.

"ஏட்டி, ஓடியா! ஆரஞ்சு! ஆரஞ்சுக் கலருட்டி!"

ஆரஞ்சு நிறக் கண்ணாடி எங்களுக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. நாங்கள் இருவரும் ஓடினோம். அக்கா கையை மூடி வைத்துக்கொண்டு, நாங்கள் கெஞ்சியும் கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை.